லோடு ட்ரையலில் தோற்ற பெயர்

ஷிப்ட் சங்கு ஊதியதும் எழுந்து போய்ச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்திவைத்த வீட்டில் வளர்ந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? இது முதலில் உங்களுக்கு. மற்றவர்கள் கேட்கக் கூடாது என்றில்லை, தாராளமாகக் கேட்கலாம். ஆனால் ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன் அந்தப் பெயரை மூன்று நாள் ஓட்டிப் பார்த்து ரிப்போர்ட் எழுதினோம் என்று நான் சொன்னால், ‘அதுக்கென்ன, சரிதானே’ என்று தலையாட்டக் கூடியவர்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் மட்டும்தான்.

போன மழைக்காலத்தில், மான்ட்ரியாலில் இருக்கும் என் மகள் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். “அம்மா, பொண்ணுன்னு சொல்லிட்டாங்க. பேர் யோசிச்சி வைங்க. இங்க ஒரு கடையில இங்கிலீஷ்ல பேசறாங்க, பக்கத்துக் கடையில பிரெஞ்சுல பேசறாங்க. ரெண்டு பேர் வாயிலயும் உடையாம வரணும். நம்ம பேராவும் இருக்கணும்.” அதன் பின்னாலேயே ஏதோ ஆப்பிலிருந்து எடுத்த பட்டியல் ஒன்று வந்து விழுந்தது. விரலால் தள்ளத் தள்ளப் பெயர்கள் தீரவே இல்லை. நான் பட்டியலைப் படிக்கவில்லை. அடுப்பில் டீ பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். இதே நிபந்தனை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு நீல ஏர்மெயில் கடிதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது.

கடிதம் எழுதியவர் என் சாச்சா, அதாவது அம்மாவின் தங்கை கணவர். மொரிஷியஸில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. அவர் மனைவி, என் சாச்சி, பிரசவத்துக்கு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தார். புகுந்த வீடு காரைக்கால். பிறந்த வீடு மேல்பட்டாம்பாக்கம். அங்கே பார்த்துக்கொள்ளப் பெண்கள் யாரும் இல்லை, இங்கே நடந்து போகிற தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்தது. அதனால் அக்கா வீடே தாய்வீடு ஆயிற்று. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டான பிள்ளை. அந்த ஆறு வருடத்தில் யார் யார் என்னென்ன கேட்டிருப்பார்கள் என்று இப்போது என்னால் கணிக்க முடிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் சாச்சி வந்தால் கட்டில் போகும், பாயில்தான் படுக்கை என்பது மட்டும்தான்.

முழுப்பரீட்சை லீவு தொடங்கிய வாரம் பெண் குழந்தை பிறந்தது. பழுத்த முந்திரிப்பழம் மாதிரி ஒரு சிவப்பு. அந்த வருடம் முந்திரி நல்ல காய்ப்பு. பழத்தைத் தின்று தொண்டை கரகரக்க, பாவாடையெல்லாம் கறையாக ஆஸ்பத்திரிக்குப் போன என்னை நர்ஸம்மா வாசலிலேயே நிறுத்திக் கையைக் கழுவ வைத்தார். இந்த நர்ஸம்மா நம் கதையில் வேலை உள்ளவர். பாண்டிச்சேரிக்காரர், கன்னியாஸ்திரிகளிடம் பிரெஞ்சு படித்தவர், எங்கள் பிளாக்கிலேயே குடியிருந்தார்.

குழந்தை பிறந்த ஆறாம் நாள் கடிதம் வந்தது. அம்மா உரக்கப் படித்தார். இங்கே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், தெருவில் பிரெஞ்சு, என்று எழுதியிருந்தார் சாச்சா. என் பெயரை இதுவரை இங்கே ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. கடைக்கு வருகிறவர்கள் அவரவர் வசதிக்கு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், நானும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறேன். பிள்ளைக்கு அது வேண்டாம். இரண்டு வாயிலும் உடையாத பெயராக வையுங்கள். நம் பெயராகவும் இருக்கட்டும்.

சாச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஏழாம் நாள் குழந்தைக்கு முடி இறக்கியாயிற்று, கறிச்சோறும் ஆயிற்று, பெயர் மட்டும் நின்றுபோனது. பள்ளிவாசல் ஹஜ்ரத், “நாப்பதுக்குள்ள வச்சிடுங்க, ஒண்ணும் குத்தமில்ல” என்றார். நாற்பது முடிந்ததும் சாச்சி காரைக்கால் போய், அங்கிருந்து கைக்குழந்தையோடு மொரிஷியஸுக்குக் கிளம்ப ஏற்பாடு.

பெயர் என்றதும் வீட்டில் சத்தம் ஆரம்பமாயிற்று. காரைக்காலிலிருந்து சாச்சியின் மாமியார் ‘ஹபீபா’ என்று கார்டு போட்டிருந்தார், யோசனையாக இல்லை, உத்தரவாக. அம்மாவுக்கு மெஹருன்னிசா மேல் ஆசை. பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். சாச்சி தூளியை ஆட்டிக்கொண்டு, “நீங்க எது வச்சாலும் சரிங்க” என்றார். அதை நாங்கள் அப்படியே நம்பினோம்.

அத்தா, அதாவது என் அப்பா, மைன்ஸில் மெயின்டெனன்ஸ். மண்ணைத் தோண்டும் ராட்சதச் சக்கர மெஷினைப் பிரித்துப் பூட்டுகிற கூட்டத்தில் ஒருவர். பூட்டியதை அப்படியே வேலைக்கு விட்டுவிட மாட்டார்கள். முதலில் சும்மா சுற்றவிட்டுப் பார்ப்பார்கள், அது நோ லோடு ட்ரையல். அப்புறம் மண்ணில் இறக்கிப் பார்ப்பார்கள், அது லோடு ட்ரையல். இரண்டும் பாஸானால்தான் கையெழுத்து. தொழுகைக்கு அடுத்தபடி அத்தா நம்பியது இதைத்தான். புதுச் செருப்பு வாங்கினால் வீட்டுக்குள் இரண்டு நாள், சட்டி பானை தூக்கிக்கொண்டு ஒரு நாள் நடந்து பார்த்துவிட்டுத்தான் தெருவில் போடுவார்.

“எதுக்கு இத்தன சத்தம்? ட்ரையல் பாத்துடுவோம்” என்றார்.

“புள்ளைக்கிப் பேரு வைக்க ட்ரையலா? இது இன்னா மைன்ஸா, வூடா?” என்றார் அம்மா.

“மெஷின்ல தப்பு வந்தா மறுபடி கழட்டிக்கலாம். பேர மாட்டிட்டுக் கழட்ட முடியுமா? நீயே சொல்லு.”

மறுநாளே அத்தா பழைய நோட்டு ஒன்றில் கோடு போட்டார். விதிகளும் வந்தன. பெயர் சொல்ல விரும்புகிறவர் துண்டுச் சீட்டில் எழுதி அத்தாவின் டிபன் கேரியர் மேல் அடுக்கில் போட வேண்டும். யார் போட்டது என்று கேட்கக் கூடாது. கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் ரிசல்ட் கோணிவிடும் என்பது அத்தாவின் கருத்து. அதிலிருந்து நான்கு பெயர். ஒவ்வொன்றையும் மூன்று நாள் வீட்டிலும் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையிலும் எல்லோரும் கூப்பிட வேண்டும். பிரெஞ்சுக்கு நர்ஸம்மா. இங்கிலீஷுக்கு எதிர் வரிசையில் இருந்த ஆங்கிலோ இந்திய ஃபோர்மேன், அத்தாவின் மேலதிகாரி. நான்காம் நாள், ஷிப்ட் மாறும் மதிய நேரத்தில், பஸ் இரைச்சலில் லோடு ட்ரையல்.

“எல்லாம் சரி, யாரக் கூப்பிட்டுப் பாக்கறது? பாப்பா திரும்புமா?” என்று அம்மா கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் மெஷின்.

இங்கே என் பெயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயரைச் சொல்லப்போவதில்லை, அதைப் பற்றி மட்டும். எனக்கு வைத்தது அத்தாவைப் பெற்றவரின் பெயர். நான் பிறப்பதற்கு முன்பே அவர் மவுத்தாகிவிட்டார். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்வது மரியாதையில்லை என்பதால் அம்மாவுக்கு நான் ‘ஏ புள்ள’. பெற்றவள் பெயரைச் சொல்லி எப்படி அதட்டுவது என்பதால் அத்தாவுக்கு நான் ‘அம்மாடி’. பள்ளிக்கூடத்திலாவது சொல்வார்கள் என்றால், வகுப்பில் அதே பெயரில் மூன்று பேர். டீச்சர் எங்களைப் பிளாக் நம்பரால் பிரித்துவிட்டார். “பதினெட்டு, எழுந்து படி” என்பார். பதினெட்டு எழுந்து படிப்பாள். என் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது, ரிப்போர்ட் கார்டில் இருந்தது, யார் வாயிலும் இல்லை. எல்லாம் மரியாதைதான், என்னை யாரும் குறையாக வைக்கவில்லை. ஆனாலும் எனக்கு அது குறைதான். அதை எப்படிச் சொல்வது என்று அப்போது தெரியவில்லை.

முதலில் ஹபீபா. ஃபோர்மேன் அங்கிள் தன் வாசலில் நின்று ஒரு குரல் விட்டார், தெருக்கோடி வரை கேட்டது, பாஸ். நர்ஸம்மா உதட்டைப் பிதுக்கினார். “பிரெஞ்சுக்காரங்க வாயில முதல் எழுத்து நிக்காதுங்க. அபீபான்னுதான் வரும்.” அத்தா நோட்டில் ‘ஸ்டார்ட்டிங் டிரபிள்’ என்று எழுதினார். காரைக்காலுக்கு இதை எப்படிச் சொல்வது என்று அம்மா இரண்டு நாள் கையைப் பிசைந்தார். கடைசியில் பழியெல்லாம் நர்ஸம்மா தலையில் போட்டு ஒரு கார்டு போனது.

அடுத்தது மெஹருன்னிசா. அந்த மூன்று நாளும் எனக்குக் கொண்டாட்டம். கடைக்குப் போகச் சொல்ல அம்மா கூப்பிட ஆரம்பித்தால், பெயர் முடிவதற்குள் நான் கொல்லைக் கதவைத் தாண்டியிருப்பேன். ஃபோர்மேன் அங்கிள் பாதியில் இருமினார். “டூ லாங், மேன். நாலு போகி தாண்டி அஞ்சாவது போகி வர்றதுக்குள்ள ஸ்டேஷன் போயிடுச்சு” என்றார். அவர் ரயில்வே குடும்பம். அம்மா ஒரு வேளை சாப்பிடவில்லை.

மூன்றாவது சமீரா. யாருக்கும் எந்தத் தடங்கலும் இல்லை. இங்கிலீஷில் ஓடியது, பிரெஞ்சில் ஓடியது, பஸ் இரைச்சலில் ஓடியது, நானும் ஒழுங்காகத் திரும்பினேன். “சத்தமில்லாத மோட்டார்” என்று அத்தா மெச்சி எழுதினார். யாரும் பெரிதாகச் சந்தோஷப்படவும் இல்லை.

நான்காவது சீட்டைப் பிரித்து அத்தா படித்தார். லீனா.

“இது நம்ம பேரா?” என்று அம்மா கேட்டார். ஹஜ்ரத்தைக் கேட்டுவிட்டு வந்தார் அத்தா. நம் பேர்தான், ஓதுகிற வேதத்திலேயே வருகிற சொல், பேரீச்ச மரம் என்று அர்த்தம் என்றாராம். சீட்டு யார் போட்டது என்று தெரியவில்லை. ஃபோர்மேன் அங்கிள் வீட்டு அம்மாவாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதல் மூன்று பெயரும் இரவல் சட்டை, இது என் அளவுக்குத் தைத்தது. வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. “லீனா, கொடியில துணிய எடு, கரி வுழுது!” என்று அம்மா கூப்பிட்டபோது நான் ஓடிய ஓட்டம் இன்னும் காலில் இருக்கிறது. பழுப்பு நிலக்கரித் தூசி படிந்த துணிகளை அன்றுதான் முதன்முதலாக யாரும் இரண்டாம் முறை சொல்லாமல் உதறி மடித்தேன். ஃபோர்மேன் அங்கிள் “லீனா, கம் ஹியர், மேன்!” என்று கூப்பிட்டுப் பிஸ்கட் கொடுத்தார். நர்ஸம்மா கொஞ்சம் இழுத்து, வேறொரு இனிப்போடு சொன்னார். ஐஸ்காரர்கூடச் சொன்னார். தெருவில் நடக்கும்போது நான் யாரோ ஒருத்தியாக இருந்தேன். பதினெட்டு இல்லை.

சாச்சிதான் அதிகம் கூப்பிட்டார். எண்ணெய் வைத்துத் தலை சீவி விடுவார். பாதிப் பின்னலில், “லீனா” என்பார்.

“என்ன சாச்சி?”

“ஒண்ணுமில்ல. கூப்ட்டுப் பாத்தேன்.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “லீனா.” மறுபடியும் ஒன்றுமில்லை. ட்ரையலை இவ்வளவு சிரத்தையாகச் செய்கிறாரே என்று நினைத்தேன். ஒன்பது வயதில் மூளை அவ்வளவுதான் போகும்.

நான்காம் நாள் காலையில் கணக்கு போட்டேன். இது பாஸானால் பாப்பாவோடு மொரிஷியஸ் போய்விடும். ஃபெயிலானால் இங்கேயே கிடக்கும். கிடக்கிற பெயரை எடுத்துக்கொள்ள இந்த வீட்டில் என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? பாப்பாவுக்குத்தான் சமீரா இருக்கிறதே, நன்றாக ஓடுகிறதே.

பஸ் நிற்கும் இடத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் என்னை முதுகு காட்டி நிறுத்தினார்கள். சங்கு ஊதியது. மைன்ஸ் பஸ்கள் வரிசையாக வந்து நின்று உறுமின. இறங்குகிறவர்கள், ஏறுகிறவர்கள், டிபன் கேரியர் சத்தம், டீசல் புகை. முதலில் அத்தா கூப்பிட்டார். கேட்டது. நான் மரப்பட்டையில் ஏறிக்கொண்டிருந்த எறும்பைப் பார்த்தேன். ஃபோர்மேன் அங்கிள் கூப்பிட்டார், அந்தக் குரல் செத்தவனுக்கும் கேட்கும். நான் எறும்பைப் பார்த்தேன். நர்ஸம்மா மூன்று முறை கூப்பிட்டார். காது மடல் சூடாகி, கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“நான் ஒருவாட்டி கூப்பிடறேங்க” என்று சாச்சியின் குரல் கேட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரும் வந்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பச்சை உடம்புக்காரி வெயிலில் நிற்கலாமா என்று அம்மா திட்டியது கேட்டது. சாச்சி கூப்பிட்டார். அவருக்குப் பெரிய குரல் கிடையாது. இருந்தும் இத்தனை பஸ் சத்தத்துக்கு நடுவில் அது நேராக என் முதுகில் வந்து தொட்டது. ஒருமுறை, இருமுறை. மூன்றாவது முறை கெஞ்சுவது மாதிரி இருந்தது.

நான் திரும்பவில்லை.

பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடிய அத்தா, என் முகத்தைச் சுற்றி வந்து ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. மெஷின் பொய் சொல்லும் என்று அவருக்குத் தெரியாது. ‘லோடு ட்ரையல் ஃபெயில். இரைச்சலில் காதில் விழவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“காத்துல கரையுது போலக்கீது” என்றார் சாச்சி. குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

சாயங்காலம் அத்தா டீ குடிக்கும்போது மெல்லப் போய் நின்றேன். “அத்தா, மிச்சமான பேர நான் வச்சிக்கட்டுமா?”

வீடே சிரித்தது. அத்தா சிரித்துவிட்டு, உடனே தொழில்முகம் காட்டினார். “அம்மாடி, ட்ரையல்ல ஃபெயிலான பார்ட்ட வேற எந்த மெஷின்லயும் மாட்டக் கூடாது. செவப்புப் பெயின்ட் அடிச்சி ஒதுக்கிடணும். அதான் ரூல்.” சொன்னபடியே சிவப்புப் பென்சிலை எடுத்து அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். நான் கொல்லைப்புறம் போய் அழுதேன். நான் செய்த திருட்டுக்கு இப்படி ஒரு ரூல் காத்திருக்கும் என்று யார் கண்டது!

நாற்பதாம் நாள் ஹஜ்ரத் வந்து குழந்தையின் காதில் சமீரா என்று மூன்று முறை சொன்னார். எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தோம். பதினெட்டும் வாங்கித் தின்றாள்.

அடுத்த வாரம் சாச்சி கிளம்பினார். காரைக்காலிலிருந்து கூட்டிப்போக ஆட்கள் வந்திருந்தார்கள். அதே பஸ் ஸ்டாப், அதே ஷிப்ட் மாறும் நேரம், மைன்ஸ் பஸ்களுக்கு நடுவில் கடலூர் பஸ். சாச்சி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். குழந்தைத் துணி மூட்டையை மேலே கொடுத்துவிட்டு, நான் பத்தடி தள்ளி வேர்க்கடலைத் தள்ளுவண்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கு ஊதிக்கொண்டிருந்தது. ஊதி முடியவில்லை.

“லீனா.”

“என்ன சாச்சி?” என்று திரும்பிவிட்டேன்.

கூப்பிட்டது உரக்க இல்லை, பேசுகிற குரலில். நான் திரும்பியதோ அந்தச் சங்குச் சத்தத்துக்கு நடுவில். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்கு முகமெல்லாம் வியர்த்தது. சாச்சி முதலில் ஒன்றும் புரியாதவர் போல இருந்தார். அப்புறம் அவர் கண் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாயிற்று. திட்டப்போகிறார், ஜன்னலிலிருந்தே அத்தாவைக் கூப்பிடப்போகிறார் என்று நின்றேன். அவர் கையை வெளியே நீட்டி என் கன்னத்தைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினார். வலித்தது. பஸ் கிளம்பிவிட்டது. அந்தக் கிள்ளல் கோபமா பிரியமா என்று எனக்கு ரொம்ப காலம் தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். “அந்த லீனான்ற பேரு அவ போட்ட சீட்டுதான். ஓதப் போற வயசுலேருந்து மனசுல வச்சிக்கினு இருந்தாளாம். ஆறு வருசமா அந்தப் பேர்ல ஒரு புள்ள வேணும்னு கேட்டுக்கினு இருந்திருக்கா. மாமியாருக்கு எதிரா வாயத் தொறந்து எப்பிடிச் சொல்றதுன்னு, சீட்டுல எழுதிப் போட்டுட்டு சும்மா இருந்துட்டா. நேத்துதான் எங்கிட்ட சொன்னா.”

நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, கால் வலிக்கிறது என்று சொன்னேன். அன்றைக்கு நான் அழுததை எல்லோரும் சாச்சி பிரிவு என்று எடுத்துக்கொண்டார்கள். நர்ஸம்மா ஒரு மிட்டாய்கூடக் கொடுத்தார்.

அதற்குப் பின் எத்தனையோ நடந்தாயிற்று. அத்தா ரிட்டயராகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது அந்த நோட்டு போன இடம் தெரியவில்லை. டிபன் கேரியர் இருக்கிறது, மேல் அடுக்கு மட்டும் இல்லை. எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்தபோது, நீயே ஒரு பேர் சொல்லு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நாக்கு நுனி வரை வந்தது. சிவப்புக் கோடு போட்ட பெயர், அதுவும் திருட்டுச் சொத்து, கைவைக்கக் கூசியது. வேறொன்று சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் செய்தேன். மகளை ஒருநாளும் ‘ஏ புள்ள’ என்று கூப்பிட்டதில்லை, வைத்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன், திட்டுவதானாலும்.

ஆக, மகளின் குரல் பதிவைக் கேட்டுச் சிரித்து முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த நிபந்தனைக்கெல்லாம் பொருந்தும் ஒரு பெயர் என்னிடம் இருக்கிறது. ஆனால் அது என்னுடையது இல்லை. பொங்கிய அடுப்பைத் துடைத்தேன், ஒரு நாள் கழித்தேன், இன்னொரு நாளும் கழித்தேன். மூன்றாம் நாள் மொரிஷியஸுக்குப் போன் போட்டேன். சாச்சிக்கு எண்பது நெருங்குகிறது. அங்கே போய் இவ்வளவு வருடம் ஆகியும் தமிழ் இன்னும் மேல்பட்டாம்பாக்கம்தான், நடுவில் நன்றிக்கு ‘மெர்சி’ மட்டும் வரும்.

“சாச்சி, உங்கள ஒண்ணு கேக்கணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எறும்பு, பல்லைக் கடித்தது, மிச்சப் பெயர் கேட்டது, எல்லாம். 

“அதான் பஸ்ல கெளம்பறப்பவே தெரிஞ்சிபோச்சேடி” என்றார் சாச்சி.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சாச்சி. பாப்பாவுக்கு மாத்தியிருக்கலாமே.”

“பேரு வச்சி ஒரு வாரமாவுது. இனிமே கழட்ட முடியுமா? உங்கத்தா வுடுவாரா?” சிரித்தார். “மொதல்ல கோவந்தான் வந்துச்சி. கடலூர் போற வரைக்கும் உன்னத் திட்டிக்கினேதான் போனேன். அப்புறம் யோசிச்சிப் பாத்தேன். அந்த வூட்டுல உன்ன ஒருத்தரும் பேரு சொல்லிக் கூப்ட்டதில்ல. நானுந்தான் கூப்ட்டதில்ல. புள்ளைக்கி ஆசை இருக்காதா? சரி, அவளே வச்சிக்கட்டும்னு வுட்டுட்டேன். நீ வச்சிக்கினியா?”

“இல்ல சாச்சி. அத்தா செவப்புக் கோடு போட்டுட்டாரு. ட்ரையல்ல ஃபெயிலான பேராம்.”

“பேரு எங்கடி ஃபெயிலாச்சி?” என்றார் சாச்சி. “மெஷின்தான் ஃபெயிலு.”

மகள் உண்டான செய்தி அவருக்கு முன்பே தெரியும். நான் கேட்க வந்ததை அவரே எடுத்துக்கொண்டார். “உன் பொண்ணு புள்ளைக்கி வையி. நம்ம சமீரா கிட்டயும் சொல்றேன், சந்தோசப்படுவா. ஆனா உங்கத்தா ரூல் ரூல்தான். லோடு ட்ரையல் பாக்காம வைக்கக் கூடாது. நானும் வருவேன்.”

சென்ற மாதம் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் எல்லோரையும் கைபேசியில் ஒரே அழைப்பில் சேர்த்தார்கள். மான்ட்ரியாலில் என் மகளும் மாப்பிள்ளையும், காரைக்காலில் இரண்டு வீடு, மொரிஷியஸில் சாச்சியும் சமீராவும் அவள் பேரப்பிள்ளைகளும். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் இருவர், ஒருவர் இங்கிலீஷ்காரர், ஒருவர் பிரெஞ்சுக்காரர், விஷயம் கேள்விப்பட்டு ஆர்வமாக வந்து நின்றார்கள். யாரும் மைக்கை அணைக்கவில்லை. குக்கர் விசில், பிள்ளைகள் கூச்சல், யார் வீட்டிலோ டிவி. மைன்ஸ் பஸ் தோற்றது. ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். இங்கிலீஷில் ஓடியது, பிரெஞ்சில் ஓடியது. குழந்தை கையை மடக்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியது.

எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியதை மகள் பார்க்க வேண்டாம் என்று போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பி, அடுப்பில் இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தேன். இத்தனை சத்தத்துக்கு நடுவில், அந்தச் சின்னக் குரல் நேராக வந்து என் முதுகைத் தொட்டது.

“லீனா.”

“என்ன சாச்சி?” என்று திரும்பினேன்.

போனுக்குள் ஊரே சிரித்தது. சாச்சி சிரிப்பதற்கு முன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

“பாஸ்” என்றார்.